நீலப் பொடிப் பாடம்

அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. இளையவளுக்கு வாசனை வந்துவிட்டது. இருந்தும் திருப்பிப் போடக் கை எழவில்லை. பின்னால் சாப்பாட்டு மேசையில் மாமனார் சொன்ன சொல் அவளை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது.

“இன்னைக்கு எல்லாருக்கும் லீவு. பிள்ளைங்களுக்குப் பெரியவ பரீட்சை வைக்கட்டும். தேறினா சரி. தேறலைன்னா ரெண்டு பேரையும் அவ ஸ்கூல்லயே சேர்த்துடுவோம். இதுல மறுபேச்சு கிடையாது.”

மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியைக் காட்டிய பிறகு, ஓடி வருகிறவர்களுக்காக வண்டியை நிறுத்தும் வழக்கம் அவரிடம் கிடையாது. அவர் சொன்ன ‘பெரியவ’ அந்த வீட்டின் மூத்த மருமகள், பக்கத்துத் தெருத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. அவள் கணவர் கப்பலில் இன்ஜினியர். வீட்டில் இருந்த நாட்களைவிடத் தண்ணீரில் இருந்த நாட்கள்தான் அவருக்கு அதிகம். மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் படிக்க வைக்கிறவள், தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுத்து சொல்லித்தர முடியவில்லையே என்ற ஆற்றாமை அவளுக்கு உண்டு. அது நியாயமான ஆற்றாமைதான் என்று இளையவளே பலமுறை நினைத்திருக்கிறாள்.

இளையவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகளை வீட்டில் எல்லோரும் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதிலிருந்து அடுத்த கேள்வியை உருவிக்கொள்ளும் வாய் அவளுக்கு. அவளுக்குப் பால் ஆகாது. குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சின்னவன் சிட்டு. அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. மற்ற பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் இருமல் வரும், தும்மல் வரும். இவனுக்கு ஆகாது என்றால் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தவழ்கிற வயதில் ஒருமுறை அப்படி ஓடியிருக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் வக்கீலும் பெரியம்மாவின் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள், வீட்டுக் கூடமே பள்ளிக்கூடம் ஆனது, இளையவளே டீச்சர் ஆனாள்.

“பரீட்சை வைங்கக்கா,” என்றாள் இளையவள், கருகிய ரொட்டியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு. “ஆனா தேறினாலும் தேறாட்டியும் சிட்டுவை அங்க அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்க ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கைவைக்கும். யாரு பார்த்துக்க முடியும்?”

மூத்தவள் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

“நான் இல்லையா பார்த்துக்க? இத்தனை பிள்ளைங்களைப் பார்த்துக்கறவ என் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்க மாட்டேனா? சும்மா என் வாயைக் கிளறாத. அன்னைக்கு அவனுக்குக் கொடுத்தது யாரு... நானா? நீதானே. கவனிக்காம நீ ஒரு கடலை பிஸ்கட்டை ஊட்டிட்ட. உன் கை பண்ணின தப்புக்கு, ஊர்ல இருக்கற கையெல்லாம் அழுக்குன்னு சொன்னா எப்படி?”

இளையவள் கருகிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். அவளுடைய கணவன், ஏசி மெக்கானிக், தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். அண்ணி சொல்வதில் தப்பில்லை என்றுதான் அவனும் நம்பினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். “பெத்தவளுக்கே அக்கறை இல்லைன்னா...” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்ட வார்த்தை அது. முடிக்காமல் விட்டதாலேயே இன்னும் ஆறவில்லை.

ஆனால் நடந்தது என்ன என்று இளையவளுக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலை சிட்டு எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த மூத்தவள், கையிலிருந்த பொட்டலத்தில் மிச்சமிருந்த வறுத்த கடலையைக் கொறித்தபடியே, வாசலுக்குத் தவழ்ந்து வந்தவனை அள்ளித் தூக்கிக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான். சற்று நேரத்தில் அந்தக் கன்னத்தில் உதடு பதிந்த இடம் பதிந்தபடியே தடித்துச் சிவந்தது. அதிலிருந்து முகம், முகத்திலிருந்து கழுத்து. பெயின்ட் கம்பெனியில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தவள் இளையவள். ஒரு டப்பாவில் இன்னொரு நிறம் கடுகளவு கலந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அந்தச் சிவப்பின் வடிவத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொன்னாள். இப்படியும் நடக்கும் என்றார் அவர். சொல்லிவிட்டு வெளியே வந்தால், மூத்தவள் வராந்தாத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் தங்கியும் பூமிக்கு வராமல் போன இரண்டு குழந்தைகளுக்காக ஏற்கெனவே அழுதவள். “இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்டி,” என்று இளையவளின் புடவையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவளிடம் போய், ‘உங்கள் முத்தம்தான்’ என்று எந்த வாயால் சொல்வது? “நான்தான் தெரியாம பிஸ்கட் கொடுத்துட்டேன்,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த ஒரு பொய்க்காக வேலையை விட்டாள், பேச்சு வாங்கினாள். வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் பல் தேய்த்து, கை கழுவி, உடை மாற்றிய பிறகுதான் சிட்டுவைத் தொட வேண்டும் என்று அவள் ஒரு விதி வைத்தபோது மூத்தவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என்னைப் பார்த்தா அழுக்குப் பொம்பளையா தெரியுதா?” என்று கேட்டவள், அன்றோடு பையனைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தொட வேண்டும் என்று கை துடிக்கும். வீம்பு விடாது. சிட்டு ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், கேட்ட பேச்சைவிட அதுதான் இளையவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் பரீட்சை ஆரம்பமானது. மாமனார் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவர் மாதிரி உட்கார்ந்தார். மூத்தவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி ஏறிவிட்டால் அவளுக்கு உறவு கிடையாது. பெற்ற தாயே எதிரில் உட்கார்ந்தாலும் தப்புக்குத் தப்பு போடுகிறவள். அந்த நேர்மையை நம்பித்தான் இளையவளும் சம்மதித்திருந்தாள்.

முதலில் சிட்டு. மூத்தவள் ஒரு கதைப் புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். சிட்டு அதை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சாவகாசமாகத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டான்.

“பார்த்தியா?” என்றார் மாமனார். “புத்தகத்தை எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியலை. இதுக்குப் பேரு ஸ்கூலாம்.”

மூத்தவள் புத்தகத்தை நேராக்கி வைத்தாள். சிட்டு பொறுமையாக மறுபடியும் தலைகீழாக்கினான். மூன்றாவது முறை அவள் கை நீண்டபோது அவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான். தட்டுத் தடுமாறி அல்ல, மடமடவென்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கதையில் ஓநாய் பேசும் இடத்தில் குரலைத் தடிமனாக்கி, ஒரு பக்கம் முழுவதையும் வாசித்து முடித்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

விஷயம் இதுதான். கூடத்தில் இருந்தது குறுகலான ஒரு மேசை. ஒரு பக்கம் வக்கீல் உட்கார்ந்து படிப்பாள். எதிர்ப்பக்கம் சிட்டு உட்கார்ந்து காய்கறி பிரித்துக்கொண்டோ களிமண் உருட்டிக்கொண்டோ இருப்பான். அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தையெல்லாம் எதிர்ப்பக்கமிருந்தே பார்த்துப் பார்த்து அவன் பிடித்துக்கொண்டான். எழுத்து என்றாலே அவனுக்குத் தலைகீழாகத்தான் இருக்கும். இதை இளையவளே போன மாதம்தான் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். நேராக்கிப் பழக்கிக்கொண்டுதான் இருந்தாள். அவசரமென்றால் பையன் பழைய வழிக்கே போய்விடுகிறான்.

கண்ணாடிக்குப் பின்னால் மூத்தவளின் கண் விரிந்தது. உதட்டோரத்தில் வந்த சிரிப்பை அவள் கஷ்டப்பட்டு மடக்கினாள். “நேரா வாசிக்கக் கத்துக்கணும்,” என்று மட்டும் சொன்னாள். ஆனால் குரலில் காலையில் இருந்த கடுமை இல்லை.

அடுத்தது வக்கீல். மூத்தவள் கணக்குக் கேட்டாள், அவள் சொன்னாள். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றால், மாவு அளக்கும் கிண்ணத்தைக் கண்முன் கொண்டுவந்து விடை சொன்னாள். கடைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தால், பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சாகியிருக்கும் எழுத்தையெல்லாம் படித்து, “இது எனக்கு ஆகாது, தம்பிக்கு ஆகும்,” என்று தீர்ப்புச் சொன்னாள். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளையவளின் கணவன் வாசற்படியில் சாய்ந்து நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மனப்பாடம் யாரும் பண்ணிடலாம்,” என்றாள் மூத்தவள். “உங்க அம்மா நடத்தினதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் எது? சொல்லு.”

“நீலப் பொடிப் பாடம்.”

வக்கீல் எழுந்து நின்று விளக்கினாள். அம்மா ஒருநாள் பெயின்ட் கம்பெனித் தோழியிடம் கேட்டு வாங்கிய நீலப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, யாருக்கும் சொல்லாமல் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தடவி வைத்தாள். மதியம் எல்லோரும் நீலம் தேடும் விளையாட்டு. தண்ணீர்க் குழாயில் நீலம், சுவிட்சில் நீலம், டிவி ரிமோட்டில் நீலம், தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கம்பியில் நீலம், கடைசியில் சிட்டுவின் மூக்கு நுனியிலும் நீலம். சிட்டு அன்று ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. தாத்தா ஃப்ரிட்ஜைத் திறந்தார், பிறகு சிட்டுவின் மூக்கைப் பிடித்துக் கொஞ்சினார். நாம் தொடாததும் நம்மிடம் வந்து சேரும் என்பதுதான் பாடம்.

மூத்தவளுக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். நல்ல பாடம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, நல்ல மாணவியிடம் மட்டும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“சரி, அது அம்மா சொல்லிக் கொடுத்தது. அதை வெச்சு நீயா என்ன கண்டுபிடிச்ச?”

“தம்பிக்கு அன்னைக்கு எப்படி வீங்குச்சுன்னு கண்டுபிடிச்சேன்.”

“போதும் வக்கீல். போய்த் தண்ணி குடிச்சிட்டு வா,” என்று இளையவள் முன்னால் வந்தாள்.

“நீ குறுக்க வராத,” என்றாள் மூத்தவள். “பரீட்சை எடுக்கறது நான். நீ சொல்லும்மா.”

“அம்மா பிஸ்கட் கொடுத்தேன்னு சொன்னாங்க இல்ல? ஆனா அன்னைக்கு வீட்ல பிஸ்கட்டே கிடையாது பெரியம்மா. எனக்கு வேணும்னு நான் அழுதேன், தீர்ந்து போச்சுன்னாங்க. தம்பி எதுவுமே சாப்பிடலை. அப்புறம் நீங்க வந்தீங்க. கடலை சாப்பிட்டுக்கிட்டே வந்தீங்க, எனக்கும் கை நிறைய குடுத்தீங்க. தம்பியைத் தூக்கி இந்தக் கன்னத்துல முத்தம் குடுத்தீங்க. முதல்ல வீங்கினது இந்தக் கன்னம்தான்.” குழந்தை தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “நீலப் பொடி மாதிரிதான். கடலை உங்க வாயிலேர்ந்து அவன்கிட்ட போயிருக்கு. அம்மா சொன்னது தப்பு. சரியா?”

மூத்தவள் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி இளையவளைப் பார்த்தாள்.

“அவ சொல்றது... நிஜமா?”

சொல்வதற்கு ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. ‘குழந்தை ஏதோ உளறுது, விடுங்கக்கா’ என்று ஒரே வரி. இத்தனை காலம் காத்ததை இன்னும் கொஞ்ச காலம் காத்துவிடலாம். இளையவள் வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போதுதான் வக்கீலின் முகம் கண்ணில் பட்டது. யாரையோ குற்றம் சொல்லிவிட்டோம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. கணக்குப் போட்டு முடித்துவிட்டு, விடை சரியா என்று அம்மாவைப் பார்க்கிற அதே பார்வை. தினமும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்க்கும் பார்வை.

‘கண்ணால் பார், நீயே யோசி, தெரிந்ததைச் சொல்’ என்று அவள்தானே சொல்லிக் கொடுத்தாள்? குழந்தை பார்த்திருக்கிறது, யோசித்திருக்கிறது, சொல்லியும் விட்டது. பெரியவர்கள் இத்தனை பேருக்குத் தோன்றாதது அதற்குத் தோன்றியிருக்கிறது. பயத்துக்கும் நடுக்கத்துக்கும் நடுவே இளையவளின் நெஞ்சில் பெருமை பொங்கி வந்தது. சரியான விடையைத் தப்பு என்று சொல்ல அவளால் முடியவில்லை.

“சரிதான்மா,” என்றாள் மகளைப் பார்த்து. “நீ சொன்னது சரிதான்.”

மூத்தவள் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் சாய்வு நாற்காலியின் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். கணவன் இளையவளின் அருகே வந்தான். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டான். சொல்லியிருந்தால் அண்ணியைப் பார்க்கிற பார்வை மாறியிருக்கும், பார்வை மாறினால் அவருக்குத் தெரியாமல் போகாது என்று அவள் சொன்னாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அன்னைக்கு வராந்தாவுல நான் பேசினது...” என்று தொடங்கினான். இந்த முறையும் முடிக்க வரவில்லை. ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மதியச் சாப்பாடு யார் வயிற்றிலும் இறங்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் மூத்தவளின் கதவு திறந்தது. கையில் ஒரு பெட்டி. பள்ளிக்குப் பின்னால் ஆசிரியர்களுக்கான அறை ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன் என்றாள், தரையைப் பார்த்தபடி. இளையவள் வாசலை மறித்து நின்றாள்.

“நகரு.”

“மாட்டேங்கா.”

“எத்தனை பேச்சு பேசியிருக்கேன்... காலையிலகூட, உன் கை, உன் தப்புன்னு... எல்லாத்தையும் நின்னு கேட்டுக்கிட்டியே. ஒரு தடவையாவது திருப்பி அறையணும்னு தோணலையாடி உனக்கு?”

“தோணியிருக்கு,” என்றாள் இளையவள். “பொய் சொல்ல மாட்டேன். நிறைய தடவை தோணியிருக்கு. ஆனா அன்னைக்குத் தரையில உட்கார்ந்து என் புடவையைப் பிடிச்சு அழுதீங்களே, அது ஞாபகம் வந்துடும். உங்களால தாங்க முடியாதுன்னு நினைச்சேன்.”

மூத்தவள் பெட்டியைக் கீழே வைத்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது. ஆனால் குரலில் கோபமும் இருந்தது, நியாயமான கோபம்.

“நான் தாங்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. தெரிஞ்சிருந்தா செத்தா போயிருப்பேன்? அழுதிருப்பேன். அப்புறம் வாயைக் கழுவிட்டு அவனைத் தூக்கியிருப்பேன். எதுக்குன்னே தெரியாம வீம்பு பிடிச்சுக்கிட்டு, கைக்கெட்டற தூரத்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு, இத்தனை வருஷம் தொடாம இருந்துட்டேனே... அதை யாரு எனக்குத் திருப்பித் தருவா?”

இது இளையவள் எதிர்பாராதது. தான் சுமந்தது மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தாள். மூத்தவள் இழந்ததும் அதே பொய்யில்தான் என்று இப்போதுதான் உறைத்தது. “அது என் தப்புதாங்கா,” என்றாள். “மன்னிச்சுடுங்க.” சொன்னதும், அதுவரை அழாதவள் உடைந்து அழுதாள்.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடம் இந்த வீட்டிலேயே நடக்கட்டும், இனி நான் எதுவும் சொல்லவில்லை என்றார்.

“நடக்கட்டும்னு சொல்ல நாம யாரு மாமா?” என்றாள் மூத்தவள், கண்ணைத் துடைத்தபடி. “நடத்தறது அவ. நான் தலைமையாசிரியையா சொல்றேன், இந்தப் பொண்ணை என் ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டேன். அங்க ஒரு வகுப்புல அறுபது பிள்ளைங்க. இப்படிக் கேள்வி கேட்கவும் யோசிக்கவும் சொல்லித்தர எங்களுக்கு நேரம் இருக்காது. அம்மாகிட்டயே இருக்கட்டும்.”

பெட்டி அங்கேயே கிடக்க, அவள் குழாயடிக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. பல் தேய்த்து, முகம் கைகால் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். வந்தும் சிட்டுவிடம் போகப் பயந்து தூணோரம் நின்றாள். இளையவள்தான் பையனைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தாள். கனத்துப் போயிருந்தான். தவழ்கிற பிள்ளையைத் தூக்கிய கைக்கு அந்தக் கனம் புதிது. மூத்தவள் அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். சிட்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. பரீட்சையில் நான் பாஸா என்று அவள் காதில் கேட்டான். பாஸ் என்று தலையாட்டினாள்.

வக்கீல் மேசையோரம் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தாள். தான் சொன்ன விடைக்குப் பிறகு எல்லோரும் அழுவதால் அவள் பயந்து போயிருந்தாள். மூத்தவள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலை கண்ணு. பெரியவங்க நாங்க யாரும் யோசிக்காததை நீ யோசிச்சிருக்க. உனக்கு நூத்துக்கு நூறு.”

வக்கீலின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே அடுத்த கேள்வியும் வந்துவிட்டது.

“அப்போ அம்மாவுக்கு எவ்வளவு பெரியம்மா?”

எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள் மூத்தவள். சிட்டுவை ஒரு கையால் அணைத்தபடியே மறு கையை நீட்டி, எதிரே நின்ற இளையவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வக்கீல் மட்டும் பதிலுக்காக இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.